ஒன்னப்பள்ளிக்கு வந்த ஜப்பான் கம்பெனி

ஓசூருக்கு என்னை அனுப்பியதற்கு ஒரே காரணம், எனக்குத் தமிழ் தெரியும் என்பதுதான். போய்ச் சேர்ந்த பிறகுதான் தெரிந்தது, நாங்கள் வேலை செய்யவேண்டிய ஊரில் நிலம் வைத்திருப்பவர்கள் வீட்டில் தெலுங்கு, அவர்களுடைய சம்பந்திகள் வீட்டில் கன்னடம். எல்லோரும் ஒன்றுசேர்ந்து பஸ் கண்டக்டரிடம் சண்டை போடும்போது மட்டும் தமிழ்.

நான் மலேசியாவில் ஈப்போவைச் சேர்ந்தவள். ரப்பர் தோட்ட மருத்துவமனையில் தாதியாக இருந்துவிட்டு, ஒரு சுகாதார ஆராய்ச்சி நிலையத்தில் உதவியாளராகச் சேர்ந்திருந்தேன். எண்பதுகளின் கடைசி அது. ஏழை நாடுகளில் பிள்ளைகளை முதல் தடுப்பூசிக்குத் தூக்கிவரும் தாய்மார்கள் மூன்றாவதுக்கு ஏன் வருவதில்லை, ஒன்பது மாதத்தில் போடவேண்டிய தட்டம்மை ஊசிக்கு ஏன் எட்டிக்கூடப் பார்ப்பதில்லை என்பதுதான் எங்கள் ஆராய்ச்சி. என் மேலதிகாரி டாக்டர் லிம் ஈப்போ சீனப் பெண்மணி. ஐம்பதை நெருங்கிக்கொண்டிருந்தார். "தாய்மார்களைக் குறை சொல்வது சுலபம். முதலில் நம்முடைய கதவு எந்த நேரத்தில் திறந்திருக்கிறது என்று பார்ப்போம்" என்பார். நல்ல கொள்கை. அந்தக் கொள்கைக்காகத்தான் சுவெட்டர் எடுத்துவராமல் மார்கழி மாதத்து ஓசூரில் பல் கிடுகிடுக்க வந்து இறங்கினேன். இந்தியா என்றால் வெயில் என்று எனக்குச் சொல்லியிருந்தார்கள்.

லாட்ஜ் மேனேஜர் என்னை விட்டுவிட்டு டாக்டர் லிம்மின் முகத்தையே பார்த்தார்.

"ஜப்பானா மேடம்?"

"இல்லை, மலேசியா," என்றேன்.

"மலேசியாவுல இருக்கிற ஜப்பான் கம்பெனியா?"

"கம்பெனி இல்லைங்க. தடுப்பூசி சம்பந்தமா வந்திருக்கோம்."

"ஓ, மருந்துக் கம்பெனி," என்று அவராகவே முடித்துக்கொண்டு, தெருவைப் பார்த்த நல்ல அறையின் சாவியைக் கொடுத்தார்.

அந்த வருஷங்களில் ஓசூரில் எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரு தொழிற்சாலைக்கு அஸ்திவாரம் போட்டுக்கொண்டிருந்தார்கள். வெளிநாட்டு முகம் ஒன்று பஸ் நிலையத்தில் இறங்கினால் அது நிலம் பார்க்க வந்த முகம்தான். வேறு எதற்கும் அந்த ஊருக்கு யாரும் வருவதில்லை போலிருக்கிறது. மறுநாள் காலையில் கதவைத் திறந்தால் வராந்தா முழுக்க இளைஞர்கள். ஒவ்வொருவர் கையிலும் பிளாஸ்டிக் உறைக்குள் சர்டிபிகேட். ஃபிட்டர், டர்னர், வெல்டர் என்று வரிசையாகச் சொன்னார்கள். நான் மறுத்துப் பேசிக்கொண்டே இருந்தேன். அதற்குள் ஒருவன் முன்னால் வந்து, எங்கே கற்றுக்கொண்டானோ, இடுப்பை வளைத்து ஜப்பானிய முறையில் வணக்கம் வைத்தான். டாக்டர் லிம் மரியாதை தெரிந்தவர். பதிலுக்கு அவரும் குனிந்தார்.

அத்தோடு ஓசூர் முடிவு செய்துவிட்டது.

கூட்டத்தைத் தாண்டிப் பசியாறப் போனோம். 'பசியாறுதல்' என்று நான் சொன்னால் ஓட்டல் சர்வருக்குப் புரியவில்லை. "டிபனா?" என்றார். எங்கள் ஊரில் காலையில் ரொட்டி சானாய் என்கிற பரோட்டாவும் பருப்புக் கறியும். இங்கே பஞ்சு போன்ற தோசையை அடுக்கி வைத்து செட் தோசை என்றார்கள். சாம்பாரில் வெல்லம் போட்டிருந்தது. சமையற்காரரின் கை தவறிவிட்டது என்று நினைத்து நான் அனுதாபத்தோடு சாப்பிட்டேன். டாக்டர் லிம்முக்கு அது மிகவும் பிடித்து, இன்னொரு கிண்ணம் கேட்டு வாங்கிக் குடித்தார். கர்நாடகம் கூப்பிடு தூரத்தில் இருக்கிறது என்பதை எனக்கு முதலில் சொன்னது அந்த சாம்பார்தான்.

எங்களுக்குக் கொடுக்கப்பட்ட ஜீப்பின் டிரைவர் முனிரத்தினம். பாகலூர்ப் பக்கத்துக்காரர். தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றையும் ஒரே வாக்கியத்துக்குள் போட்டு ஓட்டுவார். "என்னை டிரைவர்னு சொல்றாங்க மேடம். இது எப்ப ஓடணும், எங்க நிக்கணும்னு இந்த ஜீப்புதான் முடிவு பண்ணும். நான் கூடமாட இருக்கறன், அவ்ளோதான்," என்றார். வேடிக்கையாகச் சொல்கிறார் என்று நினைத்தேன்.

நாங்கள் போன ஊரை ஒன்னப்பள்ளி என்று வைத்துக்கொள்கிறேன். பாகலூரைத் தாண்டி, தமிழ்நாடு முடியும் இடம். அங்கே எங்களுக்காகக் காத்திருந்தவர் நர்ஸ் பாக்கியம். திருநெல்வேலிக்காரர். வேலை மாற்றலாகி இந்தக் குளிருக்குள் வந்து மாட்டிக்கொண்டவர். "வாங்கக்கா, வாங்க. ஏ முனிரத்தினம் அண்ணாச்சி, வண்டிய நிழல்ல போடுங்க," என்று அவர் பேசியதைக் கேட்டதும் எங்கள் தோட்டத்து மருத்துவமனைக்கே திரும்பிவிட்டது போல இருந்தது. தோட்டத்தில் பாதிப்பேர் அந்தச் சீமைதான்.

முதலில் ஊர்ப் பெரியவர் வெங்கடப்பா வீட்டுக்கு அழைத்துப் போனார்கள். நிறைய நிலம் உள்ளவர். மரியாதையாக உட்கார வைத்தார். நான் டாக்டர் லிம்மின் கேள்வியை ஆங்கிலத்திலிருந்து மலேசியத் தமிழுக்குக் கொண்டுவந்தேன். என் தமிழை முனிரத்தினம் தெலுங்குக்குக் கொண்டுபோனார்.

"உங்கள் பேரக்குழந்தைக்குத் தடுப்பூசி போட்டாச்சா?"

வெங்கடப்பா நிதானமாகப் பதில் சொன்னார். முனிரத்தினம் திருப்பினார்: "இந்த நெலத்துல ஒண்ணும் வெளையாதாம் மேடம். எல்லாம் பாறையாம். தோண்டுனா தண்ணி வராதாம், பாம்புதான் வருமாம்."

"குழந்தையைப் பற்றி என்ன சொன்னார்?"

"கொளந்தையும் பாம்பப் பாத்து பயந்துக்குதாம்."

டாக்டர் லிம் குறித்துக்கொண்டார். அடுத்த வீட்டில் வெங்கடப்பாவின் தம்பி மகன். நிலத்தை விற்றுவிட்டு ஓசூரில் கடை போட ஆசைப்பட்டவர். தடுப்பூசி என்ற வார்த்தை முடிவதற்குள், தன் கிணற்றுத் தண்ணீரின் ருசியைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்து, ஒரு செம்பு கொண்டுவந்து டாக்டர் லிம்மைக் குடிக்கவும் வைத்தார். ரோட்டோரம், ஃபேக்டரிக்கு ஏற்ற மண், மூன்று பக்கமும் வழி.

மத்தியானம் வெங்கடப்பா வீட்டிலேயே சாப்பாடு. நிலத்தைக் கொடுக்க மனமில்லாவிட்டாலும் சோறு போடாமல் விடுகிற மனிதர் இல்லை அவர். ராகிக் களி உருண்டை, கீரைக் குழம்பு. டாக்டர் லிம் களியை வாயில் போட்டு மென்றார். மென்றுகொண்டே இருந்தார். வெங்கடப்பாவின் மனைவி பதறிப்போய் என்னவோ சொன்னார். "மெல்லக்கூடாதாம் மேடம். குழம்புல தொட்டு அப்படியே முழுங்கணுமாம்," என்றார் முனிரத்தினம். நான் ஆங்கிலத்தில் சொன்னேன். சொன்னதைச் சொன்னபடி செய்கிறவர் டாக்டர் லிம். ஒரு பெரிய உருண்டையை விழுங்கினார். கண் கலங்கியது, விக்கல் வந்தது, ஆனால் இலையைக் காலி செய்துவிட்டுத்தான் எழுந்தார். "ஜப்பான்காரங்க நெலத்த வாங்காம போவமாட்டாங்க போல," என்று வெங்கடப்பா கலங்கியதையும் முனிரத்தினம்தான் சொன்னார்.

ஊருக்கு வெளியே கூலிக்காரர்கள் குடியிருந்த காலனி. தமிழ் பேசுகிற ஜனங்கள். எனக்கு உயிர் வந்தது. வெங்கடப்பாவின் பயம் இங்கே தலைகீழாக இருந்தது. இழப்பதற்கு நிலமில்லை, கம்பெனி வந்தால் வேலை வரும். ஆனால் வீடுகளில் ஆண்களும் வயசானவர்களும் மட்டும்தான் இருந்தார்கள். ஒரு பெரியவரிடம், "வீட்டில் எத்தனை பிள்ளைகள்?" என்று கேட்டேன்.

அவர் என்னைக் கூர்ந்து பார்த்தார். "உங்களுக்கு எத்தினி வேணும்?"

வீட்டுக்கு ஒரு வேலையா, தலைக்கு ஒரு வேலையா என்பது தெரியாமல் அவர் எப்படிப் பதில் சொல்வார்? இன்னொரு வீட்டில் தொட்டிலில் கிடந்த குழந்தையும் பத்தாவது பாஸ் என்றார்கள். பாக்கியம் தலையில் கைவைத்துக்கொண்டு, "எக்கா, நான் இந்த ஊருக்கு வந்து இம்புட்டு நாளாச்சு. என்கிட்ட ஒருத்தரும் இவ்வளவு பேசினதில்ல. எல்லாம் பொய்யா இருந்தாலும் பேசுதாவளே," என்றார்.

பொழுது சாயும் நேரத்துக்கு ஒரு வேன் வந்து நின்றது. ரோஜாத் தோட்டங்களுக்கும் தக்காளிக் காட்டுக்கும் போன பெண்கள் இறங்கினார்கள். அவர்களில் ஒருத்தி நேராக எங்களிடம் வந்தாள். முள் கிழித்த கைகள், அதட்டலான குரல். பெயர் மாதம்மா. வீட்டுக்குள்ளிருந்து ஒரு பெண்குழந்தையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

"என்னா கேக்கணுமோ என்னக் கேளுங்க. இவுங்க ஒண்ணும் ஒழுங்கா சொல்லமாட்டாங்க."

ஏன் பிள்ளைகளை ஊசிக்குக் கொண்டுவருவதில்லை என்று கேட்டேன்.

"நர்சம்மா புதன்கெழம பத்து மணிக்கு வரும். வேன் விடியறதுக்குள்ள வந்து எங்கள ஏத்திகினு போயிடும். நான் ரெண்டாக் கிழிஞ்சாதான் ஆவும்."

"உங்க வீட்டுக்காரர்?"

"ஊட்லதான் இருக்கறான். திம்மராயன்னு பேரு. கம்பெனி வேலைக்குத்தான் போவானாம், அது வர்ற வரைக்கும் இருக்கறான். புள்ளைய இடுப்புல வெச்சிகினு ஊசிக்கு நிக்கறதுக்கு ஆம்பளைக்குக் கூச்சமாம்."

திம்மராயன் கொஞ்சம் தள்ளி நின்று, தான் திம்மராயன் இல்லை என்பது போல வானத்தைப் பார்த்தான்.

மாதம்மா குழந்தையின் தலையைத் தடவினாள். "மூத்தது ஒண்ணு இருந்துச்சி. தட்டம்மை வந்து அம்மா எடுத்துகினா. இருந்திருந்தா இந்நேரம் பள்ளிக்கூடம் போவும்." குரல் மாறாமல் சொன்னாள். நான்தான் என் கையிலிருந்த பேனாவை மூடுவதும் திறப்பதுமாக இருந்தேன்.

எங்கள் தோட்டத்தைப் பற்றி அவளிடம் சொன்னேன். இருட்டோடு பால்மரம் வெட்ட, அதாவது ரப்பர்ப் பால் இறக்க, போகிற தாய்மார்கள் பிள்ளைகளை ஆயாக் கொட்டகையில் விட்டுப் போவார்கள். தாதிகள் நாங்கள் அங்கேயே போய் ஊசி போட்டுவிடுவோம். யாரும் யாரையும் கூப்பிட வேண்டியதில்லை. வேலைக்கு ஆள் வேண்டும் என்பதற்காகக் கட்டிய கொட்டகைதான் அது, தோட்டத் துரைக்குத் தாய்மார்கள் மேல் அன்பு ஒன்றும் கிடையாது. ஆனாலும் ஊசி தவறாது.

"அப்ப அந்தக் கொட்டாய இங்க தூக்கியாங்க," என்றாள் மாதம்மா.

அதைத்தான் டாக்டர் லிம்மும் வேறு வார்த்தைகளில் சொன்னார். கொட்டகையைக் கொண்டுவர முடியாது, நேரத்தை மாற்றலாமே. அடுத்த புதன்கிழமை வேன் வருவதற்கு முன்பே வந்து ஊசி போட்டால் என்ன? பாக்கியம் ஒப்புக்கொண்டார். சுகாதார நிலையத்துக் குளிர்பெட்டியிலிருந்து மருந்தை எடுத்து, ஐஸ் பெட்டியில் வைத்து, ஜீப்பில் கொண்டுவர வேண்டும். மாதம்மா காலனி முழுக்கச் சொல்லி வைப்பதாகச் சொன்னாள்.

திங்கட்கிழமை வேறொரு செய்தி வந்தது. ஒன்னப்பள்ளியின் வயல்கள் முடியும் இடத்தில் ஓர் ஓடை. அந்தப் பக்கம் கர்நாடகம். அங்கே சின்னதாக ஒரு குடியிருப்பு. அங்கே தட்டம்மை கண்டிருக்கிறது, ஒரு குழந்தை போய்விட்டது என்று பாக்கியம் சொன்னார். "இங்கிருந்து கூப்பிட்டாக் கேக்கும். ஆனா அது என் ஏரியா இல்லைக்கா. அந்தப் பக்கத்து நர்சுக்கு இது கடைசி மூலை. பஸ்ஸே கெடையாது. அவ என்ன செய்வா பாவம்."

வேப்பிலைக் கொத்து சொருகிய வாசல்கள் இந்தப் பக்கமிருந்தே தெரிந்தன. அந்த வாசல்களுக்கும் திம்மராயன் வீட்டுத் தொட்டிலுக்கும் நடுவே ஒரு ஓடையும் ஒரு தக்காளிக் காடும்தான் இருந்தன.

புதன்கிழமை விடிவதற்கு முன்பே கிளம்பினோம். பனி. ஜீப் பாகலூர் ரோட்டில் ஒரு மேட்டில் ஏறி, யோசித்து, நின்றுவிட்டது. முனிரத்தினம் பானெட்டைத் திறந்து அதற்குள் தெலுங்கில் பேசினார், பிறகு கன்னடத்தில் பேசினார். பலனில்லை. ஐஸ் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு பாக்கியம் அழாத குறை. ஒரு வேன் எங்களைக் கடந்து போனது. உள்ளே முக்காடு போட்ட பெண்கள். அது அவர்களுடைய வேன்தான். வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார்கள்.

வெயில் ஏறிய பிறகு ஒரு பஸ் வந்தது. ஏதோ தொழிற்சாலையின் பஸ், இரவு ஷிப்ட் ஆட்களை ஊர் ஊராக இறக்கிவிட்டுக்கொண்டு வந்தது. முனிரத்தினம் நடுரோட்டில் நின்று மறித்தார். பெரிய நீல பஸ், பக்கவாட்டில் கம்பெனிப் பெயர். ஊசிப் பெட்டியோடு ஏறினோம். தூங்கிவழிந்த தொழிலாளர்கள் டாக்டர் லிம்மைப் பார்த்ததும் எழுந்து நின்றார்கள். டிரைவர் ஒன்னப்பள்ளிக்குள்ளேயே கொண்டுவந்து, பள்ளிக்கூடத்து வாசலில் ஹாரன் அடித்து இறக்கிவிட்டார். அந்த ஊருக்குள் பஸ் வந்தது அதுதான் முதல் தடவை.

தாய்மார்கள் போய்விட்டார்கள், இனி யார் வரப்போகிறார்கள் என்று மனம் சோர்ந்து இறங்கிய நான் அப்படியே நின்றுவிட்டேன்.

பள்ளிக்கூடத்து வாசலிலிருந்து தெருமுனை வரைக்கும் வரிசை. எல்லாம் ஆண்கள். இடுப்பிலும் தோளிலும் பிள்ளைகள். சிலர் பிள்ளையைக் காய்கறி மூட்டை போலக் கக்கத்தில் இடுக்கியிருந்தார்கள். ஒருவன் தலைகீழாகவே பிடித்திருந்தான், பாக்கியம் ஓடிப்போய் நிமிர்த்தினார். எல்லோரும் வெளுத்த சட்டை போட்டு, தலைக்கு எண்ணெய் வைத்துப் படிய வாரியிருந்தார்கள். வரிசையின் தலைமாட்டில் திம்மராயன், மகளோடு. மகளுக்கும் தலை படிய வாரியிருந்தது.

"எம்மா! என் சர்வீஸ்ல இப்படிப் பாத்ததில்ல," என்று பாக்கியம் ஊசிகளைக் கொதிக்க வைக்க ஆரம்பித்தார். டாக்டர் லிம் முகம் மலர்ந்து, நேரத்தை மாற்றியதால் வந்த பலன் என்று எழுதத் தொடங்கினார். நேரம்தான் தவறிவிட்டதே என்று நான் யோசித்துக்கொண்டிருந்தபோது முனிரத்தினம் என் காதருகே வந்தார்.

"மேடம், ஒரு விசயம். எல்லா ஊசியும் போட்ட புள்ளைங்க இருக்கற ஊட்டுக்குத்தான் ஜப்பான் கம்பெனியில வேலையாம். அவுங்க சுத்தம் பாப்பாங்களாம். யாரோ கிளப்பிவுட்டிருக்கறாங்க. இப்ப கம்பெனி பஸ்ஸுல வேற வந்து எறங்கிட்டமா…"

பாக்கியத்துக்கும் அது காதில் விழுந்தது. என் கையைப் பிடித்துக்கொண்டார். "எக்கா, டாக்டரம்மாகிட்ட இப்பச் சொல்லாதிய. ஊசியப் போட்டு முடிச்சிட்டுச் சொல்லிக்கிடலாம். பக்கத்துல செத்துப்போச்சு பாருங்க ஒரு பிள்ள. நான் ஒத்தையில உக்காந்து ஐஸ் உருகுறதப் பாத்துப் பாத்து அலுத்துப்போயிட்டேன்."

சுற்றி நின்ற எல்லோருக்கும் நடப்பது தெரியும். தெரியாதவர் டாக்டர் லிம் ஒருவர்தான். நான் வாயைத் திறக்காவிட்டால் அவருக்குத் தெரியவே போவதில்லை. வரிசையில் ஒரு குழந்தை இருமியது. வெறும் சளி இருமல்தான், ஆனாலும் உடம்பில் தடிப்பு இருக்கிறதா என்று போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். பாக்கியம் சொன்னதில் என்ன தப்பு என்று ஒரு நிமிஷம் எனக்கும் தோன்றியது. பிறகு, அவரோடு வேலை செய்ய வந்துவிட்டு அவரையே இருட்டில் வைக்க என்னால் முடியவில்லை. சொல்லிவிட்டேன்.

டாக்டர் லிம் பேனாவை மூடினார். "அவர்களிடம் உண்மையைச் சொல்லவேண்டும்."

"சொன்னால் போய்விடுவார்கள் டாக்டர். அம்மை அந்த ஓடைக்கு அந்தப் பக்கம்தான் இருக்கிறது."

"எனக்கும் பயமாகத்தான் இருக்கிறது. ஆனால் அடுத்த மாதம் கம்பெனி வராது. அப்போது ஊசியும் ஏமாற்று என்பார்கள். நாம் ஈப்போவில் இருப்போம். இந்த ஊரில் இருக்கப்போவது பாக்கியம்."

நான் பள்ளிக்கூடத்து பெஞ்சு ஒன்றின் மேல் ஏறி நின்றேன். நாங்கள் எந்தக் கம்பெனியும் இல்லை, நிலம் வாங்க வரவில்லை, வேலை கொடுக்க எங்களால் முடியாது, பக்கத்துக் குடியிருப்பில் தட்டம்மை இருக்கிறது, அது உயிரை எடுக்கும், ஊசி போட்டால் குழந்தைக்கு ஒருவேளை காய்ச்சல் வரலாம், ஆனால் காப்பாற்றும் என்று கத்திச் சொன்னேன். முனிரத்தினம் தெலுங்கில் சொன்னார். முடித்ததும் கூட்டம் கை தட்டியது.

"என்ன சொன்னீங்க அண்ணே?"

"நீங்க சொன்னதத்தான் மேடம் சொன்னன். நம்பமாட்டேங்கறாங்க. பக்கத்து ஊர்ல கம்பெனி வந்தப்பவும் முதல்ல இல்லவே இல்லன்னுதான் சொன்னாங்களாம்."

மறுபடி சொன்னேன். மறுக்க மறுக்க அவர்களுக்கு நம்பிக்கை வலுத்தது. கடைசியில் டாக்டர் லிம்மே பெஞ்சின் மேல் ஏறினார். அவருக்குத் தெரிந்த தமிழ் இரண்டே வார்த்தை. "வேலை இல்லை," என்றார். கையை விரித்துக் காட்டினார். "வேலை இல்லை. வேலை இல்லை."

அந்தச் சின்ன உருவம் கண் கலங்க அப்படிச் சொல்லிக்கொண்டே நின்றபோது கைதட்டல் மெல்ல அடங்கியது. ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒருவன் காறித் துப்பினான். பின்வரிசையில் ஒருவன் தன் கையிலிருந்த குழந்தையைப் பக்கத்தில் நின்றவனிடம் நீட்டி, "இந்தாடா உம்புள்ள," என்று கொடுத்துவிட்டுப் போனான். கடன் வாங்கிய பிள்ளை. அப்படி இன்னும் சிலர் கழன்றார்கள். வரிசை நெளிந்தது.

"யார்றா இதக் கிளப்பிவுட்டது?" என்று ஒரு குரல்.

"நான்தான்."

பள்ளிக்கூடத்துச் சுவருக்குப் பின்னாலிருந்து மாதம்மா வந்தாள். அன்றைக்கு அவள் வேனில் போகவில்லை. தன் ஏற்பாடு பலிக்கிறதா என்று பார்க்க நின்றுவிட்டாள். "விடியறதுக்குள்ளயே வரன்னாங்க. வராம போயிட்டா? வேன் வந்தா நாங்க நிக்க முடியுமா? நீங்கதான் நிக்கணும். சும்மா நில்லுன்னா எவன் நிக்கறான்? அதான் சொன்னன்."

திம்மராயன் அவளையே பார்த்தான். "நீதானா?"

"ஆமா."

"காலைலருந்து ஒரே கையில இவளத் தூக்கிகினு நிக்கறன். இந்தக் கை மரத்தே போச்சி."

"தெனமும் எனக்கு ரெண்டு கையும் மரத்துப் போவுது."

யாரோ சிரித்தார்கள். அவன் பெண்டாட்டியை அடித்துவிடுவானோ, குழந்தையோடு வீட்டுக்குப் போய்விடுவானோ என்று பயந்தேன். திம்மராயன் திரும்பி, தனக்குப் பின்னால் தெருமுனை வரை நின்ற வரிசையைப் பார்த்தான். அவனுக்கு அடுத்து நின்றவன் அரை அடி முன்னால் நகர்ந்தான்.

"ஏய், எங்க வர்ற?" என்றான் திம்மராயன்.

"நீதான் போறியே."

"எவன்டா போறேன்னு சொன்னது? கோழி கூவறப்ப வந்து புடிச்ச எடம் இது." அவன் பாக்கியத்தின் முன்னால் போய் நின்று மகளின் தொடையைக் காட்டினான். "போடுங்க நர்சம்மா."

ஊசி இறங்கியதும் குழந்தை வீறிட்டது. திம்மராயனும் கண்ணை இறுக்க மூடிக்கொண்டான். மாதம்மா குழந்தையை வாங்கக் கை நீட்டினாள், அவன் கொடுக்கவில்லை. அவனே தோளில் போட்டுத் தட்டிக்கொடுத்துக்கொண்டு மரத்தடிக்குப் போனான்.

அதற்குப் பிறகு யாரும் நகரவில்லை. தான் போய்விட்டால் அடுத்தவன் முன்னேறிவிடுவான் என்று ஒவ்வொருவரும் நின்றார்கள். எதற்கு முன்னேற என்று யாருக்கும் தெரியாது. உண்மையைக் கேட்டுப் புரிந்துகொண்டு நின்றவர்கள் எத்தனை பேர், இடத்தை விட மனமில்லாமல் நின்றவர்கள் எத்தனை பேர் என்று பிரித்தறிய எந்த ஆராய்ச்சியாலும் முடியாது. வெங்கடப்பாகூடப் பேரனோடு வந்து, தன் நிலத்துக்கு இனி ஆபத்தில்லை என்று தெரிந்த நிம்மதியில், எங்கள் எல்லோருக்கும் மோர் கொடுத்தனுப்பினார்.

வரிசை முடியும்போது பாக்கியத்திடம் மருந்து மிச்சமிருந்தது. தட்டம்மை மருந்தைக் கலக்கிவிட்டால் அன்றைக்குள், சில மணி நேரத்துக்குள், போட்டாக வேண்டும். இல்லாவிட்டால் கீழேதான் கொட்ட வேண்டும். பாக்கியம் ஓடையின் பக்கம் பார்த்தார். டாக்டர் லிம்மும் பார்த்தார்.

"நான் அங்க போகக்கூடாதுக்கா. போனா பெரிய அதிகாரி வரைக்கும் பதில் சொல்லணும்," என்றார் பாக்கியம். "அவிய இங்க வந்தா…" என்று இழுத்தார்.

மாதம்மா அதற்குள் தக்காளிக் காட்டுக்குள் இறங்கிவிட்டிருந்தாள். ரோஜாத் தோட்டத்தில் அவளோடு வேலை செய்கிற பெண்கள் பலர் அந்தப் பக்கத்துக்காரர்கள். பிள்ளைகளுக்கு உடம்பு சரியில்லாததால் அந்த வாரம் வேலைக்குப் போகாமல் இருந்தார்கள். ஓடைக்கரையில் நின்று அவள் கன்னடத்தில் போட்ட சத்தம் எங்களுக்கே கேட்டது.

நாங்கள் ஐஸ் பெட்டியோடு ஓடைக்கரைக்குப் போனோம். பாக்கியம் ஸ்டூலைத் தமிழ்நாட்டு மண்ணில், தண்ணீருக்கு ஒரு சாண் தள்ளிப் போட்டு உட்கார்ந்தார். ஸ்டூலின் கால் ஈரத்தில் புதையும்போதெல்லாம் இழுத்து இழுத்து இந்தப் பக்கமே வைத்துக்கொண்டார். அந்தப் பக்கத்து வீடுகளிலிருந்து பெண்கள் ஒவ்வொருவராக வந்தார்கள். சேலையை முழங்கால் வரை தூக்கிச் செருகிக்கொண்டு, பிள்ளைகளை உயரப் பிடித்துக்கொண்டு ஓடையில் இறங்கினார்கள். இந்தக் கரையில் மாதம்மா கை நீட்டி வாங்கினாள். காய்ச்சலும் தடிப்பும் கண்ட பிள்ளைகளை டாக்டர் லிம் ஒதுக்கி உட்கார வைத்து, எப்படிப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று ஒவ்வொரு தாயிடமும் முனிரத்தினத்தை வைத்துச் சொல்லச் செய்தார். மற்ற பிள்ளைகளுக்கு ஊசி.

கடைசியாக வந்தவள் வயசு குறைந்தவள். தலை வாராமல், முகம் வீங்கியிருந்தாள். மாதம்மா என்னிடம் மெதுவாக, "இவ புள்ளதான் போன வாரம்…" என்று நிறுத்திக்கொண்டாள். அவள் கையில் இன்னொரு குழந்தை இருந்தது. அதற்கு உடம்பில் ஒன்றுமில்லை. டாக்டர் லிம் இரண்டு முறை பார்த்து உறுதி செய்துகொண்டார். பாக்கியம் ஊசி போட்டார்.

எங்களுக்குக் கேட்க வேண்டிய கேள்விகள் நிறைய இருந்தன. அவளிடம் அதையெல்லாம் கேட்க எனக்கு மனம் வரவில்லை. "இதுக்கு முன்னாடி இந்தப் பக்கம் ஊசிக்கு வந்ததில்லையாம்மா?" என்று மட்டும் கேட்டேன்.

அவளுக்குத் தமிழ் வந்தது. "இங்க வரக்கூடாதுன்னு யாரும் சொல்லல," என்றாள். "வான்னும் சொல்லல. இன்னிக்கு இந்த அக்கா கூப்ட்டா."

குழந்தையை முந்தானையால் மூடிக்கொண்டு அவள் ஓடையில் இறங்கினாள். அக்கரை ஏறும் இடம் வழுக்கலாக இருந்தது. டாக்டர் லிம் செருப்போடு தண்ணீருக்குள் இறங்கி, அவள் ஏறும் வரைக்கும் முழங்கையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.